பழைய ரயில் யார்டு காலி மனை அல்ல

கூட்ஸ் வண்டி வருவது நின்றுபோன ஒரு யார்டை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், ஊருக்கு நடுவில் இவ்வளவு இடமா என்று கை பரபரக்கும். மாஸ்டர் பிளான் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அடியில் சுரங்கம் ஓடும், மண்ணில் தார் ஊறியிருக்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் பல தலைமுறையாக ஆட்கள் குடியிருப்பார்கள். படத்தில் இதெல்லாம் தெரியாது.

லண்டன் கிங்ஸ் கிராஸையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்கு வடக்கே 67 ஏக்கர். லிங்கன்ஷயர் கோதுமை வந்து இறங்கிய 1852-ம் ஆண்டுக் கிடங்கு, மேல்தளத்து வேகன்களிலிருந்து நிலக்கரியைக் கீழே கொட்டிய கொட்டகைகள், நடுவே ரீஜென்ட்ஸ் கால்வாய், ஒட்டினாற்போல், நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த காஸ் ஆலை.

இதற்கு 1980களின் கடைசியில் ஒரு பெரிய திட்டம் வந்தது. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வரைந்தது. ஆபீஸ் கட்டடங்கள் நிறைய, நடுவில் பூங்கா. பிரான்ஸிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக வரும் ரயில் கிங்ஸ் கிராஸுக்கு அடியில் வந்து நிற்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1991-ல் அரசாங்கம் அந்தப் பாதையைக் கிழக்கு லண்டன் பக்கம் திருப்பிவிட்டது. ஆபீஸ் சந்தையும் சரிந்தது. திட்டம் படுத்துவிட்டது. இன்னொருவர் கையில் இருக்கும் முடிவை, அதுவும் ரயில்வே முடிவை, கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கடைசிச் செங்கல் வரை வரைந்துவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

அடுத்த திட்டத்துக்கு 2006-ல் அனுமதி கிடைத்தது. தெருக்கள், சதுக்கங்கள், உயர வரம்பு எல்லாம் உறுதி. எந்தக் கட்டடத்தில் ஆபீஸ், எதில் வீடு என்பதில் மட்டும் கொஞ்சம் இளக்கம் விட்டிருந்தார்கள். 2008 நிதி நெருக்கடியிலும் அது தாக்குப்பிடித்தது.

மண் விஷயத்துக்கு வருவோம். வெயிலில் பழைய ஸ்லீப்பர் கட்டை பக்கத்தில் நின்றிருந்தால் ஒரு வாடை மூக்கில் ஏறியிருக்கும். கட்டை உளுத்துப்போகாமலிருக்க ஊற்றிய கிரியோசோட், கரித்தாரிலிருந்து வடித்தது. எஞ்சின் ஷெட் இருந்த இடத்தில் எண்ணெய், பாய்லர் வேலை நடந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ், காஸ் ஆலை இருந்த இடத்தில் தாரும் சயனைடும், தண்டவாள ஓரத்தில் களைக்கொல்லி. சமதூரத்தில் குழி தோண்டி நாலு பை மண் எடுத்து லேபுக்கு அனுப்பினால் இது பிடிபடாது. முதலில் பழைய வரைபடங்களைத் தேட வேண்டும். எங்கே என்ன வேலை நடந்தது என்று பார்த்து, அங்கே தோண்ட வேண்டும். பிளான் போட்டு முடித்தபின் சோதனை என்று போனால், குழந்தைகள் விளையாடும் இடம் மிக மோசமான மண்ணின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். கிங்ஸ் கிராஸில் வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கட்டட இடிபாடு அள்ளும் இரும்புத் தொட்டிகளில் காய்கறி பயிரிட்டார்கள். இருக்கிற மண்ணைத் தொடவே வேண்டாம். கட்டட வேலை நெருங்கினால் தோட்டத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். நான் பார்த்ததில் கெட்டிக்கார யோசனை இது.

தரைக்கடியில் சுரங்கம் போகும் இடத்தில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதும் முதலிலேயே தெரிந்தாக வேண்டும். கிங்ஸ் கிராஸ் ரயில்கள் கால்வாய்க்கே அடியில் புகுந்துதான் வெளியே போகின்றன.

பழைய கட்டடங்களில் இரண்டு விதமாகத் தவறு செய்வார்கள். ஒன்று, எல்லாவற்றையும் இடிப்பது. இன்னொன்று, முகப்பை மட்டும் நிறுத்தி, பின்னால் என்ன வரும் என்று யோசிக்காமல் விடுவது. கோதுமைக் கிடங்குக்கு 2011-ல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி குடிவந்தது. வீடுகள் பெரும்பாலும் எழும்புவதற்கு முன்பே மாணவர்கள் வந்துவிட்டதால், சதுக்கத்தில் காலையிலும் இரவிலும் ஆள் நடமாட்டம் இருந்தது. காஸ் ஆலையின் எரிவாயுவைச் சேமித்த பெரிய தொட்டிகளின் இரும்புச் சட்டங்களைக் கழற்றிப் பழுதுபார்த்து, கால்வாயின் மறுகரையில் திரும்ப நிறுத்தினார்கள். மூன்று சட்டங்களுக்குள் விலையுயர்ந்த ஃபிளாட்டுகள். பக்கத்தில் 8-ம் எண் சட்டத்துக்குள் வெறும் புல்தரை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

களை மண்டிக் கிடக்கும் மூலையையும் அவசரப்பட்டுச் சுத்தம் செய்துவிடக் கூடாது. கிங்ஸ் கிராஸ் பக்கம் கேம்லி தெருவில் இரண்டு ஏக்கர் பழைய கரி யார்டு, 1985-லேயே இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குளம், நாணல், பறவை. சுற்றிலும் எத்தனை பிளான் வந்து போயும் அது இருக்கிறது.

கடைசியாக, பலரும் ஒரு வரியில் கடந்துவிடும் விஷயம்: சதுக்கம் யாருடையது? பார்க்கப் பொதுத் தெரு போலத்தான் இருக்கும், சொந்தக்காரர் தனியார். கிங்ஸ் கிராஸில் நடந்து போகிறவர்களின் முகங்களைக் கேமராக்கள் அடையாளம் கண்டுகொண்டிருந்தன என்பது 2019 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. ராத்திரி கேட் பூட்டலாமா, கேமரா யார் பொறுப்பு, கொடி பிடித்து நாலு பேர் நிற்கலாமா என்பதையெல்லாம் தரையில் கல் பதிக்கும் முன்பே அனுமதி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். அப்புறம் கேட்டால் பதில் சொல்வது செக்யூரிட்டிதான்.