பெல்ட்டும் வீம்பும்: ரெஸ்லிங் கம்பெனிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

முடிவை முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டத்தில் எதற்கு நிஜச் சண்டை? யார் யாரிடம் தோற்றுக் கொடுப்பது என்பதற்குத்தான். டாப் ஸ்டார் ஒருவர் தோற்றால் மெயின் ஈவென்ட் இடம், டி-ஷர்ட் விற்பனை, அடுத்த ஒப்பந்தத் தொகை எல்லாமே ஆட்டம் காணும். ஆகவே அவர் முரண்டு பிடிப்பதைத் தலைக்கனம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பெரிய சேதங்கள் நடந்த இடங்களில் எல்லாம், கம்பெனி நடத்தியவர்கள் முன்பே செய்த தவறு ஒன்று இருக்கிறது.

அவற்றில் மோசமானது, வெளியே போகப் போகிறவர் இடுப்பில் சாம்பியன் பெல்ட்டை விட்டு வைப்பது. கனடா ரெஸ்லர் பிரெட் ஹார்ட் 1996-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ) கம்பெனியில் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். ஒரு வருடம்கூட ஓடவில்லை. அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாது, எதிர்க் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ-வில் பேசிப் பாருங்கள் என்று முதலாளி வின்ஸ் மக்மானே சொல்லிவிட்டார். ஆனால் 1997 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் பெல்ட்டையும் பிரெட்டிடமே கொடுத்திருந்தார்கள். சக ஸ்டார் ஷான் மைக்கேல்ஸிடம், அதுவும் சொந்த நாடான கனடா மண்ணில், தோற்க மாட்டேன் என்றார் பிரெட். கடைசி 30 நாட்களுக்குத் தன் கதையில் 'நியாயமான' அளவு அதிகாரம் என்று ஒப்பந்தத்திலேயே அவருக்கு இருந்தது. வின்ஸுக்கோ, பெல்ட்டோடு எதிரியிடம் போய்விடுவாரோ என்று பயம். 1995 டிசம்பரில் மகளிர் சாம்பியனாக இருந்த அலண்ட்ரா பிளேஸ், டபிள்யூ.டபிள்யூ.எஃப்-இன் மகளிர் பெல்ட்டைக் கொண்டுபோய் எதிர்க் கம்பெனியின் நிகழ்ச்சியில் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தார்.

நவம்பர் 9, மாண்ட்ரியல் மோல்சன் சென்டர். பேசி வைத்த ஃபினிஷ்படி, அதாவது முடிவின்படி, கூட்டாளிகள் புகுந்து கைகலப்பாகி, ஆட்டம் தகுதிநீக்கத்தில் முடிய வேண்டும். நடுவே ஷான், பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியை அவருக்கே போடுவார். பிரெட் அதைத் திருப்புவார். பிரெட் காலைப் பற்றித் திருப்பத் தொடங்கிய நேரத்தில், ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் மணியடிக்கச் சைகை காட்டிவிட்டு ரிங்கை விட்டு ஓடினார். ரிங் ஓரம் நின்ற வின்ஸ், மணியை அடி என்று கத்தினார். பிரெட் தோற்றதாகி, பெல்ட் ஷானுக்குப் போனது. பிரெட் வின்ஸ் முகத்தில் துப்பினார். பிறகு லாக்கர் ரூமில் குத்தே விட்டார். பிரெட் மறுபடி ரா நிகழ்ச்சிக்கு வந்து ஷானுடன் சமாதானமாக 2010 ஜனவரி ஆகிவிட்டது.

ஒப்பந்தம் ஆட்டம் காண்கிறது என்று தெரிந்த மாதமே பெல்ட்டை இறக்கிவிட வேண்டும். அதற்கு எதிரியின் ஊரோ அவருடைய சொந்த ஊரோ வேண்டாம், பொது ஊராகப் பாருங்கள். அவர் மதிக்கிற ஒருவரிடம் தோற்கச் சொன்னால் பாதி வீம்பு அங்கேயே கரைந்துவிடும்.

அந்த 30 நாள் ஷரத்தே அடுத்த தவறு. எப்படித் தோற்பது என்பதில் ஸ்டாருக்குக் குரல் கொடுக்கலாம். தோற்பதா வேண்டாமா என்பதில் கொடுக்கவே கூடாது. டபிள்யூ.சி.டபிள்யூ-வில் ஹல்க் ஹோகனுக்குத் தன் ஆட்டங்களின் முடிவிலேயே அதிகாரம் இருந்தது. அதை வைத்து அவர் தோற்க மறுத்தார். 2000 ஜூலை 9, பாஷ் அட் தி பீச் நிகழ்ச்சியில் சாம்பியன் ஜெஃப் ஜாரெட் அடி ஒன்றும் வாங்காமல் தரையில் படுத்துக்கொள்ள, ஹோகன் அவர் மார்பில் காலை வைத்து ஜெயித்தார். பின்னர் புக்கர் (ஆட்டங்களின் கதையை முடிவு செய்பவர்) வின்ஸ் ரூசோ மைக்கைப் பிடித்து ஹோகனைத் திட்டித் தீர்த்தார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கு ஆட்டம் என்று எதுவுமே கிடைக்கவில்லை.

ஃபினிஷை ரெஃப்ரியிடம் ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும், ரிங்குக்குப் போகும் முன் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். ஒருவர் தோளைத் தரையில் அமுக்கிப் பிடித்தால் ரெஃப்ரி மூன்று எண்ணுவார், அதோடு ஆட்டம் முடியும். 1997 டிசம்பர், டபிள்யூ.சி.டபிள்யூ-வின் ஸ்டார்கேட் நிகழ்ச்சியில் ஹீரோ ஸ்டிங்கை ஏமாற்ற ரெஃப்ரி வேகமாக எண்ணுவதாகக் கதை. ஆனால் ரெஃப்ரி நிக் பேட்ரிக் சாதாரண வேகத்தில் எண்ணினார். ஒரு வருடமாக வளர்த்த ஹீரோ நேர்மையாகத் தோற்றதுபோல் ஆகிவிட்டது.

தண்டனையில் ஆள் பார்ப்பதும் ஆபத்து. 1996 மே, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ஐ விட்டுக் கிளம்பும் கெவின் நாஷ், ஸ்காட் ஹால் இருவரையும் ஷானும் டிரிபிள் ஹெச்சும் ரிங்கிலேயே கட்டிப்பிடித்து வழியனுப்பினார்கள். ஹீரோவும் வில்லனும் ஒன்றாக நின்றால் கதை அம்பேல். கிளம்பிய இருவரையும் ஒன்றும் செய்ய முடியாது, ஷான் சாம்பியன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று, டிரிபிள் ஹெச்சுக்கு வரவிருந்த கிங் ஆஃப் தி ரிங் போட்டிப் பட்டம் கைவிட்டுப் போய் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினுக்குக் கிடைத்தது. அதில் ஆஸ்டின் பெரிய ஸ்டாரானது கம்பெனியின் அதிர்ஷ்டம். சாம்பியனைத் தொட மாட்டார்கள் என்பதை மட்டும் லாக்கர் ரூம் தெளிவாகப் புரிந்துகொண்டது.

கடைசியாக, மைக். 2022 செப்டம்பர் 4, ஏ.இ.டபிள்யூ கம்பெனியின் ஆல் அவுட் நிகழ்ச்சி முடிந்த பத்திரிகையாளர் சந்திப்பில் சாம்பியன் சி.எம். பங்க் சக வீரர்களை வறுத்தெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி டோனி கான் நிறுத்தவில்லை. அதே இரவு கென்னி ஒமேகா, யங் பக்ஸ் சகோதரர்கள் தரப்போடு கைகலப்பு, பெல்ட்டுகள் காலியாகின. தோற்ற கோபமோ ஜெயித்த வெறியோ தணியாதவர் கையில் அன்றே மைக் கொடுக்கக் கூடாது. அடுத்த ஆண்டு பங்க்கை முன்னிறுத்தி சனிக்கிழமைக்குத் தனி நிகழ்ச்சியே தொடங்கினார்கள். ஆனால் ஆகஸ்ட் 27, லண்டன் வெம்ப்லியில் நடந்த ஆல் இன் நிகழ்ச்சியில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடினார்கள். சக வீரர் ஜாக் பெரி நிஜக் கண்ணாடியை உடைக்கும் காட்சி வேண்டாம் என்று பங்க் முன்பு தடுத்திருந்தார். பெரி அன்று ஆட்டத்தின் நடுவே கேமராவைப் பார்த்து, இது நிஜக் கண்ணாடி என்று பங்க்கைக் குத்திக்காட்டினார். திரைக்குப் பின்னால் இருவரும் மோதினார்கள். ஆறே நாளில் பங்க்கின் வேலை போனது. நாள் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, முதல் சண்டை நடந்த வாரமே இரு தரப்பையும் ஒரு மேஜையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.