துணைப் பாத்திரத்துக்குத் தனிப் பக்கமா? ரசிகர் விக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றி அதன் ரசிகர்களே சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியம்தான் ரசிகர் விக்கி. போன வாரம் நான் தொகுக்கும் ரசிகர் விக்கியில் அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரே இரவில் 38 பக்கங்கள் தொடங்கியிருந்தார். எல்லாமே விளையாட்டில் வந்துபோகும் சின்னப் பாத்திரங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தகவற்பெட்டி (முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் கட்டம்), ஒரு படம், "இவர் துறைமுகத்தில் வசிப்பவர்" என்று ஒரு வரி, அப்புறம் "குணநலன்" என்றொரு தலைப்பு. அந்தக் கடைசித் தலைப்பைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பல வருஷங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

எழுத்துப்பிழை, மங்கலான ஸ்கிரீன்ஷாட், பகுப்பு போட மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. ஒரு மாதம் தொகுத்தால் அவை தானாகச் சரியாகிவிடும். தனிப் பக்கம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதில் நடக்கும் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

திரையில் வரும் நேரத்தை அளப்பது

"இரண்டு நிமிஷம்தானே வருகிறார், இவருக்கு எதற்குப் பக்கம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1998இல் வந்த மெட்டல் கியர் சாலிட் விளையாட்டில், கதாநாயகன் ஸ்னேக்கை அடைத்துவைத்திருக்கும் அறைக்கு ஒரு காவலாளி இருப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவதுதான் அவர் வேலை. அவர்தான் ஜானி சசாகி. 2004இல் வந்த மூன்றாம் பாகத்தில், அவருடைய தாத்தா அதே மாதிரி ஒரு சிறைக்குக் காவல் நிற்கிறார். 2008இல் வந்த நான்காம் பாகத்தில் ஜானி, முதல் பாகத்திலிருந்தே வரும் மெரிலைக் கல்யாணம் செய்துகொள்கிறார். முதல் பாகத்து நிமிஷங்களை வைத்து இவரை ஒரு பட்டியலில் ஒதுக்கியிருந்தால், அப்புறம் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கோக்க வேண்டியிருந்திருக்கும்.

ஸ்கைரிம் விளையாட்டில் வரும் நசீமையும் பாருங்கள். பெரிய கதை எதுவும் அவரைச் சுற்றி இல்லை. ஆனால் வைட்ரன் ஊரில் திரிந்து, "கிளவுட் டிஸ்ட்ரிக்ட் பக்கம் அடிக்கடி வருவதுண்டா?" என்று கேட்டே எல்லோருடைய எரிச்சலையும் சம்பாதித்தவர். சில்ஃபரோ பண்ணை அவருடையது. மனைவி அஹ்லாம் கைனரெத் கோயிலில் வேலை செய்கிறார், கணவர்மேல் அவருக்கு மனத்தாங்கலும் உண்டு. நாள் முழுக்க நசீம் எங்கே போகிறார், யாரிடம் என்ன பேசுகிறார் என்று சொல்ல விளையாட்டுக்குள்ளேயே வேண்டிய அளவு சரக்கு இருக்கிறது. இவருக்குத் தாராளமாகப் பக்கம் தரலாம். எவ்வளவு நேரம் வருகிறார் என்று பார்க்காதீர்கள். விளையாட்டே அவரைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள்.

காலி இடத்தை ஊகத்தால் நிரப்புவது

இந்தத் தவறுதான் இன்றைக்கும் என்னைக் கோபப்படுத்துகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராமத்தில் நடக்கும் ஒரு சின்ன விளையாட்டு. பெயர் வேண்டாம். அதில் 61 ஊர்க்காரர்கள். ஒரு சனி ஞாயிறில் 61 பேருக்கும் பக்கம் தொடங்கினேன். வார்ப்புருவில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அச்சு) "பின்னணி", "குணநலன்", "உறவுகள்" என்று மூன்று தலைப்புகள் இருந்தன. தலைப்பு இருந்தால் அதன் கீழே எதையாவது எழுதத்தானே கை போகும்? படகுத்துறையில் வலை பின்னும் ஒரு கிழவர் இருந்தார். அவருக்கு மொத்தமே மூன்று வசனங்கள்: காற்றைப் பற்றி ஒன்று, மீனைப் பற்றி ஒன்று, "இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ" என்று ஒன்று. அவர் வீட்டுக்குள் போனால் இரண்டு கட்டில்கள். ஒன்றில் தூசி படிந்திருக்கும்.

"மனைவியை இழந்த துயரத்தில் வாழ்பவர் போலத் தெரிகிறது" என்று எழுதிவிட்டேன்.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சில மாதங்களில் இன்னொரு தொகுப்பாளர் நடையைச் சீராக்கும்போது "போலத் தெரிகிறது" என்பதை எடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, விக்கி நடை உறுதியாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். பிறகு ஒருவர் அந்த விளையாட்டின் சோகமான பாத்திரங்களைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். கிழவரின் செத்துப்போன மனைவி அதில் வந்தாள். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் "ஆதாரம் தேவை" என்று ஒருவர் குறித்தார். வேறொருவர் நல்ல எண்ணத்தோடு அந்த வீடியோவையே ஆதாரமாகச் சேர்த்தார். என் ஊகம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, எனக்கே சான்றாக வந்து நின்றது. வேறு இரண்டு மொழி விக்கிகளிலும் அதை மொழிபெயர்த்துவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்தது. அந்தக் கட்டில் கிழவரின் தம்பியுடையது. கடலுக்குப் போயிருந்த தம்பி திரும்பி வருகிறார். மனைவி என்று ஒருத்தி இருந்ததாக எங்குமே இல்லை.

எங்கள் பக்கத்தைத் திருத்த ஐந்து நிமிஷம். மற்ற இடங்களில் திருத்த மாதக்கணக்கானது. பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பாளர்கள் விவாதிக்கும் இடம்) ஒருவர், "தம்பி கதை புதிதாகச் சேர்த்தது, முதலில் மனைவி கதைதான் இருந்தது" என்று என்னோடு சண்டை போட்டார். சாட்சியாக அவர் காட்டியது நான் எழுதிய பழைய வரி. அந்த வரி என்னுடையது, அதற்கு அடிப்படை ஒரு கட்டில் மட்டும்தான் என்று தொகுப்பு வரலாற்றைக் காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. அந்த விளையாட்டை எழுதியவர் யோசித்து வைத்த ஒரு சின்ன ஆச்சரியத்தை நான் பல பேருக்குக் கெடுத்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தகவல் இல்லாத பாத்திரத்துக்குப் பக்கம் தொடங்கும்போது இந்த ஆபத்தையும் சேர்த்தே தொடங்குகிறோம். காலிப் பக்கம் காலியாகவே இருந்தால் பரவாயில்லை. யாராவது வந்து நிரப்பாமல் விடமாட்டார்கள்.

இப்போது நான் செய்வது இது. முதலில் வரைவில், விளையாட்டில் எந்த இடத்தில் பார்த்தேன் என்று சொல்ல முடிகிற வாக்கியங்களை மட்டும் எழுதுகிறேன். "இருக்கலாம்", "போலும்", "தோன்றுகிறது" வரும் வாக்கியங்களை அடிக்கிறேன். மிச்சம் ஆறேழு வாக்கியங்களாவது நின்றால் தனிப் பக்கம். இல்லையென்றால் அந்த ஊரின் பக்கத்தில் ஒரு வரிசை: பெயர், நிற்கும் இடம், நேரம், வசனம், கொடுக்கும் பொருள். வலைக் கிழவருக்கு அன்றைக்கு இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். அதில் "வீட்டில் இரண்டு கட்டில்கள்" என்றும் எழுதியிருக்கலாம். அது கண்ணால் பார்த்தது.

மர்மமான பாத்திரங்களிலும் இதே கவனம் வேண்டும். அண்டர்டேலில் வரும் காஸ்டர் நல்ல உதாரணம். 2015இல் வந்த அந்த விளையாட்டு, தொடக்கத்திலேயே ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு வைத்துக்கொள்ளும். சில எண்கள் விழுந்தால்தான் சாம்பல் நிற ஆட்கள் தென்பட்டு அவரைப் பற்றிப் பேசுவார்கள். ஆல்ஃபிஸுக்கு முன் அரச விஞ்ஞானியாக இருந்தவர், தான் உருவாக்கியதற்குள்ளேயே விழுந்தவர் என்பதெல்லாம் அவர்கள் வாயால் வருவது. பக்கத்தில் அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சாம்பல் கதவுக்குப் பின்னால் நிற்கும் உருவத்துக்கு விளையாட்டின் கோப்பில் உள்ள பெயர் மிஸ்டரிமேன். அதுதான் காஸ்டர் என்று விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவர் காஸ்டருக்குப் பக்கம் எழுதட்டும்.

விக்கிப்பீடியாவின் விதியை அப்படியே இறக்குவது

விக்கிப்பீடியாவில் ஒரு காலத்தில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் தனிக் கட்டுரை இருந்தது. பிறகு பெரும்பாலானவற்றைப் பட்டியல்களில் இணைத்துவிட்டார்கள். விளையாட்டுக்கு வெளியே உள்ளவர்கள் நம்பகமாக எழுதிய ஆதாரம் வேண்டும் என்பது அங்கே விதி. பொதுக் கலைக்களஞ்சியத்துக்கு அது சரியான விதிதான். போக்கிமான் ரசிகர் விக்கியான பல்பபீடியாவுக்கு வருபவர் தேடுவது வேறு: எந்தப் போக்கிமான் எந்த லெவலில் என்ன கற்கும், எங்கே கிடைக்கும். அங்கே ஒவ்வொன்றுக்கும் பக்கம் இருக்கத்தான் வேண்டும். "குறிப்பிடத்தக்கமை இல்லை" (தனிக் கட்டுரைக்குரிய முக்கியத்துவம் இல்லை) என்று சொல்லி ரசிகர் விக்கிப் பக்கத்தை நீக்கச் சொல்பவர்கள், படிக்க வருபவர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று என்று நினைப்பது

பிக்ஸும் வெட்ஜும் ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். 1994இல் வந்த ஆறாம் பாகத்தின் முதல் ஆங்கிலப் பதிப்பில் பிக்ஸ், "விக்ஸ்" ஆகிவிட்டார். ஏழாம் பாகத்துப் பிக்ஸ் வேறு ஆள். அவரும் வெட்ஜும் ஜெஸ்ஸியும் 1997இல் சீக்கிரமே கதையிலிருந்து போய்விடுவார்கள். 2020இல் வந்த ரீமேக்கில் ஜெஸ்ஸிக்கு வீடு, அம்மா, படுக்கையில் கிடக்கும் அப்பா, கோல்டு சாசரில் நடிகையாக இருந்த பழைய வாழ்க்கை எல்லாம் கிடைத்தன. இவற்றை 1997 விளையாட்டின் தகவலோடு குழைக்காமல், எது எதிலிருந்து வந்தது என்று தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள்.

ரசிகர்கள் வைத்த பெயரைத் தலைப்பாக்குவது

ரெசிடென்ட் ஈவில் 4இன் வியாபாரிக்குப் பெயர் கிடையாது. தலைப்பும் "வியாபாரி"தான்.

இணைத்துவிட்டு வழிமாற்று வைக்காமல் போவது

தேடுபவர் பாத்திரத்தின் பெயரைத்தான் தட்டுவார். பட்டியலில் அந்த வரிசைக்கே நேராகப் போய் நிற்கும்படி வழிமாற்று வையுங்கள்.

கேட்காமல் நீக்குவது

செய்யாதீர்கள்.

சரி, அந்த 38 பக்கங்களுக்கு வருவோம். அவருடைய பேச்சுப் பக்கத்தில் கிழவர் கதையை எழுதினேன். ஒவ்வொரு "குணநலன்" பத்தியையும் எடுத்து, "இதை விளையாட்டில் எங்கே பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். மூன்று நாளில் அவரே 37 பக்கங்களை நான்கு ஊர்ப் பக்கங்களுக்குள் இணைத்துவிட்டார். மிஞ்சியது ஒரு படகோட்டி. அவருக்கு மழை நாளில் தனி வசனம், இரவில் தனிக் கூலி, ஒரு பாலம் உடைந்த பிறகு புதிதாக ஒரு துறை. நேற்றிரவு பக்கத்தைப் பார்த்தேன். மழை வசனங்களில் ஐந்தைப் பதிந்திருக்கிறார். ஆறாவதற்காக மறுபடி மழை பெய்யக் காத்திருப்பதாகத் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதியிருந்தார்.