டப்ளினில் ஒரு பழைய பப்புக்கு முதல்முறை போகிறீர்களா?

டப்ளினுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து ஒரு வருடம் ஆகியும் பப்புக்குள் கால் வைக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால், "நான் குடிக்க மாட்டேனே, அங்கே எனக்கு என்ன வேலை?" என்பார்கள். அயர்லாந்துக்காரர்கள் பப்புக்குப் போவது முக்கியமாகப் பேசத்தான். ஒரு கோக்கை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கின்னஸ் என்பது இந்த ஊரின் கறுப்பு பீர், அதில் ஆல்கஹால் இல்லாத கின்னஸ் 0.0 இப்போது ஏறக்குறைய எல்லா பப்பிலும் கிடைக்கிறது. அதனால் குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும். இந்த ஊர்க்காரர்களின் சுபாவம் ஆபீஸில் தெரிவதைவிட அங்கேதான் நன்றாகத் தெரியும்.

முதலில் எந்த பப் என்று முடிவு செய்யுங்கள். டெம்பிள் பார் பகுதியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம், உட்கார வேண்டாம். அங்கே விலையும் அதிகம், சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள்தான். பத்து நிமிடம் தள்ளி நடந்தால் சவுத் ஆன் தெருவில் கீயோஸ், சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால், டேம் கோர்ட் என்ற சந்துக்குள் ஸ்டாக்ஸ் ஹெட் (இப்போதுள்ள கட்டடம் 1895இல் கட்டியது, கவுண்டருக்கு மேலே பெரிய மான் தலை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்), ஆற்றுப் பக்கம் பூல்பெக் தெருவில் 1854 முதல் இருக்கும் மல்லிகன்ஸ் என்று வரிசையாக இருக்கின்றன. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கிளாஸ்நெவினில் கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டியிருக்கும் ஜான் கவனா. 1833இல் தொடங்கியது, இன்னும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. ஊரில் அதற்குப் பெயர் 'கிரேவ் டிக்கர்ஸ்', அதாவது குழி வெட்டுகிறவர்கள். உள்ளே டிவி இல்லை, பாட்டு இல்லை, மரப்பலகைச் சுவரும் பேச்சுச் சத்தமும் மட்டும்தான்.

முதல்முறை என்றால் வாரநாளில் மதியம் மூன்று, நான்கு மணிக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை மாலை போனால் நிற்கவே இடம் இருக்காது, கத்திப் பேச வேண்டியிருக்கும், பார்மேனுக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.

பழைய பப்களில் ஸ்னக் என்று ஒரு குட்டி அறை இருக்கும், அதைத் தவற விடாதீர்கள். கீயோஸில் வாசலை ஒட்டியே இருக்கிறது. நான்கைந்து பேர் நெருக்கி உட்காரலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், கவுண்டர் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், கிளாஸ் அந்த வழியாக வரும். பப்பில் உட்கார்ந்து குடிப்பதைப் பெண்களுக்கு இழுக்காக நினைத்த காலத்தில் அவர்கள் இதற்குள்தான் உட்கார்ந்தார்கள். பிறர் கண்ணில் படக் கூடாது என்று நினைத்த பாதிரியாரும் போலீஸ்காரரும்கூட. இன்று யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு.

ஸ்னக் கிடைக்கவில்லை என்றால் கவுண்டரிலேயே உட்காருங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல இடம். மேஜையில் உட்கார்ந்து யாராவது வந்து ஆர்டர் எடுப்பார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பெரும்பாலான இடங்களில் நாமே எழுந்து போய்ச் சொல்லி, காசு கொடுத்து வாங்கி வர வேண்டும். வரிசை என்று எதுவும் இருக்காது. ஆனாலும் யாருக்குப் பிறகு யார் என்பது பார்மேனுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவரே "இவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று சொல்லிவிடுவார். நீங்கள் செய்ய வேண்டியது அவர் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவது மட்டும். கை சொடுக்குவது, நோட்டை ஆட்டிக் கூப்பிடுவது எல்லாம் மரியாதைக் குறைவு. பைன்ட் என்றால் 568 மில்லி. வெறுமனே 'எ கிளாஸ்' என்று கேட்டால் அதில் பாதி வரும். அதிகம் வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். டிப்ஸ் கவுண்டரில் எதிர்பார்க்க மாட்டார்கள். கார்டு அனேகமாக எங்கேயும் எடுப்பார்கள், இருந்தாலும் பழைய இடங்களுக்குப் போகும்போது கையில் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

கூட யாராவது கின்னஸ் குடிப்பவராக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு. காரணம் இருக்கிறது. பார்மேன் கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து முக்கால் அளவு நிரப்பி அப்படியே வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். முதல்முறை இதைப் பார்த்தபோது தயாராகிவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் மணிக்கட்டை மெல்லத் தொட்டு, "கொஞ்சம் பொறு" என்று சொல்கிற மாதிரி தலையை அசைத்தார். இருவரும் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் டீயில் பால் கலக்குகிற மாதிரி பழுப்பாகச் சுழல்கிறது, நைட்ரஜன் குமிழ்கள் ஓரமாகக் கீழே இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது, பிறகு அடியிலிருந்து கறுப்பு ஏறி ஏறி மேலே வெள்ளை நுரை தனியாக நிற்கிறது. அதன் பிறகுதான் மீதியை ஊற்றித் தருவார்கள். கம்பெனி சொல்லும் கணக்கு 119.5 விநாடி. அந்த இரண்டு நிமிடத்தில்தான் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு ஆரம்பிக்கும், அவசரப்படாதீர்கள்.

இனி ரவுண்டு. இதில்தான் நம் ஆட்கள் தெரியாமல் தப்பு செய்கிறார்கள். நான்கு பேர் போனால் ஒருவர் நான்கு பேருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர், அப்படியே சுற்றி வரும். யார் முறை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோர் மனதிலும் கணக்கு இருக்கும். மற்றவர் வாங்கித் தந்ததை எடுத்துக்கொண்டு, நம் முறை வருவதற்குள் கிளம்பிவிட்டால் அதை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டுமா? முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் தொடக்கத்திலேயே "எனக்கு ஒன்றுதான், நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடிக்காதவரும் ரவுண்டில் உண்டு, உங்களுக்கு எலுமிச்சை சோடா வரும், உங்கள் முறையில் மற்றவர்களுக்கு பைன்ட் வாங்குவீர்கள். காசு கொஞ்சம் அதிகமாகத்தான் போகும். சேர்ந்து உட்கார்வதற்கான செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு விஷயம் தேட வேண்டாம், மழையே போதும். அப்புறம் ஹர்லிங் என்ற இந்த ஊர் மட்டை விளையாட்டு, எந்த ஊர், இங்கே எப்படி வந்தாய் என்று போகும். உங்களைக் கொஞ்சம் கிண்டல் செய்தால் கோபப்படாதீர்கள், பிடித்தவர்களைத்தான் கிண்டல் செய்வார்கள். ஒன்றே ஒன்று, அயர்லாந்தை பிரிட்டனோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள். கிளாஸை உயர்த்தும்போது 'ஸ்லான்ச்ச' என்று சொல்வார்கள், ஆரோக்கியம் என்று பொருள். திருப்பிச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

இசை கேட்க வேண்டுமானால் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோனுக்குப் போங்கள். 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது ஜனங்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்தது. அங்கே முன்பக்க பாரில் மேடையெல்லாம் இல்லை, ஒரு மூலையில் ஃபிடில், டின் விசில், பௌரான் பறை என்று சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த மூலையில் நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள், அது வாசிக்க வருகிறவருக்கு. வாசிக்கும்போது மெல்லப் பேசலாம், ஆனால் ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் கூடமே அமைதியாகிவிடும், நாமும் போனைக் கீழே வைத்துவிட வேண்டும்.

சாப்பாடு பல பழைய பப்களில் பெரிதாக இருக்காது. சூடாக்கிய சீஸ் சாண்ட்விச்சை டோஸ்டி என்பார்கள், சைவம் வேண்டுமென்றால் ஹாம் (பன்றி இறைச்சி) வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். காடில் என்று ஒரு டப்ளின் குழம்பு இருக்கிறது, அதில் பன்றி இறைச்சி உண்டு, வேண்டாதவர்கள் கவனிக்கவும்.

கழிவறைக் கதவில் ஐரிஷில் மட்டும் எழுதியிருந்தால் குழம்பிவிடுவோம். எஃப்‑ஐ‑ஆர் என்று இருந்தால் ஆண்கள், எம்‑என்‑ஏ என்று இருந்தால் பெண்கள். எம்மைப் பார்த்து 'மென்' என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

குழந்தைகளைப் பெரியவர்களோடு பகலில் கூட்டிப் போகலாம், இரவு ஒன்பதுக்கு மேல் கூடாது (மே முதல் செப்டம்பர் வரை பத்து). 2004 மார்ச் 29 முதல் உள்ளே புகை பிடிக்கத் தடை. வாரநாளில் வழக்கமாக 11:30க்கும், வெள்ளி, சனியில் 12:30க்கும் விற்பனை நிற்கும், அதற்குப் பிறகு இருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் தருவார்கள். விளக்கைப் பளிச்சென்று போட்டு, பார்மேன் சத்தமாக எல்லோரையும் கிளப்புவார். காலி கிளாஸை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். அவர் "குட் லக்" என்றால் எதற்கு என்று யோசிக்க வேண்டாம், போய் வா என்று சொல்கிறார்.