தாங் காலக் கவிதையை ஹொக்கியனில் கேட்டு வாசிக்க

தாங் என்பது பழைய சீன அரச வம்சம்; ஹொக்கியன் தென்சீன மொழி. நான்கடிக் கவிதையில் தொடங்குங்கள். அடிக்கு ஐந்தெழுத்து என்றால் மொத்தம் 20, ஏழெழுத்து என்றால் 28. ஐந்தில் இரண்டாவதற்குப் பின்னும் ஏழில் நான்காவதற்குப் பின்னும் நிறுத்தம் வரும். அதை மாற்றி நிறுத்தினால் பொருள் குழம்பும்.

முதலில் தாங் காலக் கவிஞர் லி பாயின் 'அமைதியான இரவின் நினைவு'. நிலவொளி தரையில் உறைபனியோ எனத் தோன்றுகிறது. தலை நிமிர்ந்தால் நிலா, குனிந்தால் சொந்த ஊர். ஏக்கத்தை அவர் விளக்குவதே இல்லை, நீங்களும் விளக்கம் சேர்க்காதீர்கள். 1, 2, 4ஆம் அடிகளின் முடிவை இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் கேளுங்கள்: குவாங், ஷுவாங், ஷியாங்.

சில கவிதைகளில் மாண்டரின் ஒலிப்பில் இயைபு பிசகும். ப், த், க் என முடியும் பழைய ஒலிகள் அதில் மறைந்துவிட்டன. பினாங்கு ஹொக்கியனில் இன்னும் இருக்கின்றன. ஹொக்கியன் தெரிந்த பெரியவரிடம் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஏட்டு வாசிப்பு, அதாவது நூல் படிக்கும்போது வழங்கும் ஒலிப்பு, வேண்டும் என்று கேளுங்கள். மலைக்குப் பேச்சில் 'சுவா', ஏட்டில் 'சான்'. பேச்சொலியில் படித்தால் இயைபு உடைந்துவிடும்.

எல்லைப்புறக் கவிதைக்கு வரைபடம் அவசியம். தாங் தலைநகர் சாங்ஆன் இன்றைய சியான். யூமென், யாங் கணவாய்கள் வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்தில் துன்ஹுவாங் பக்கம். தாங் கவிஞர்கள் (618–907) தம் காலத்துப் படையையே, முந்தைய அரச வம்சத்தின் பெயரால், 'ஹான்' என்பார்கள். அதை வைத்துக் கவிதையை ஹான் காலத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.