கத்தியின் முதுகில் இருந்த குத்தூசி

மகளின் பள்ளிப் பையில் தோள்வார் பிய்ந்துவிட்டது. ஞாயிறு இரவு ஒன்பது மணி, தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் கிளம்பியாயிற்று. வீட்டு ஊசி அந்தத் தடித்த வாரில் நுழையவே இல்லை. இரண்டு ஊசி ஒடிந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் என் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியின் முதுகுப் பக்கம் இருக்கும் குத்தூசி ஞாபகம் வந்தது. பெல்ட்டில் ஓட்டை போட மட்டுமே அதை எடுத்திருக்கிறேன். என்னுடையதில் நூல் கோக்க ஒரு காதும் உண்டு.

மெழுகு நூல் இல்லை. பல்லிடுக்கு சுத்தம் செய்யும் ஃபிளாஸ் இருந்தது, அது லேசில் அறாது. சரி என்று கோத்தேன். முதல் குத்தில் நூல் நுனியை மறுபக்கம் நீளமாக இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த குத்திலிருந்து, ஊசி மறுபக்கம் வந்ததும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் நூல் வளையமாகப் பிரியும். அந்த வளையத்துக்குள் நுனியை விட்டு, ஊசியை உருவி, இரு பக்கமும் இறுக்கினால் ஒரு தையல். தையல் மெஷின் போடுவதும் இதே பூட்டுத் தையல்தான். முதல் நாலும் கோணல்.

இந்தக் குத்தூசிக்கு மடங்காமல் பிடிக்கும் பூட்டு கிடையாது. சாய்த்து அழுத்தினால் மடங்கி விரலைப் பதம் பார்க்கும், பார்த்தது. அப்புறம் கீழே பலகை வைத்து நேராகவே குத்தினேன்.

காலையில் மகள், "கறுப்புப் பையில் வெள்ளை நூலா அப்பா?" என்றாள். மார்க்கரால் கறுப்பு பூசிக் கொடுத்தேன்.