ஸ்பெயின் கடலோரமா முதல் மோட்டார்ஹோம் ட்ரிப்: மலகால இருந்து காபோ தெ காத்தா வரைக்கும்

மேப்ப தொறந்து வச்சுக்கிட்டு பார்சிலோனா, வலென்சியா, அலிகாந்தே, மலகா, காதிஸ்னு பத்து நாள்ல மொத்த கடலோரத்தையும் முடிக்க பிளான் போட்டிருந்தீங்கன்னா மொதல்ல அத கிழிச்சு போட்டுருங்க. கார்ல போனா முடியும். இது கார் இல்ல, படுக்கை, அடுப்பு, டாய்லெட்டோட ஓடற வீடு. தினமும் காலைல பாத்திரத்த உள்ள வச்சு அலமாரிய லாக் பண்ணி, கரண்ட் வயர சுத்தி, மேல இருக்கற ஜன்னல சாத்தி, அப்புறம்தான் சாவிய திருப்பணும், அதுக்கே முக்கா மணி நேரம் போயிரும். நாங்க எடுத்த ரூட் மலகா ஏர்போர்ட்ல இருந்து அல்மேரியா தாண்டி காபோ தெ காத்தா இயற்கை பூங்காவுல இருக்கற சான் ஹோசே வரைக்கும், ஒரு பக்கம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர்தான், அதுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கிட்டோம், அதுவும் பத்தல.

ஜூலை ஆகஸ்ட்ல போகாதீங்க. கேம்ப்சைட்ல எடம் கெடைக்காது, கெடைச்சாலும் ரேட் டபுள், உள்ள தூங்கவும் முடியாது. மே, ஜூன் நல்லது. எங்க சாய்ஸ் செப்டம்பர் கடைசி, அக்டோபர். கடல் தண்ணி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும், கிரனாடா மாகாண கடற்கரையில மாம்பழ சீசனும் அப்பதான். ஆமா, மாம்பழம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

வாடகைக்கு வண்டி எடுக்கும்போது மொத்த எடை 3,500 கிலோவுக்குள்ள இருக்கறத எடுங்க, சாதாரண கார் லைசென்ஸ் போதும். ஆனா அந்த 3,500ல வண்டியும் அடக்கம், நீங்களும் அடக்கம். காலி வண்டியே மூணு டன் பக்கம் வந்துரும், நாலு பேர் ஏறி, 100 லிட்டர் தண்ணி ரொப்பினா அதுவே 100 கிலோ, அதனால அரிசி மூட்டைய ஊர்ல இருந்து தூக்கிட்டு போற பிளான விட்டுருங்க. இந்தியா லைசென்ஸ்னா கூடவே இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துக்கோங்க. வயசு, எத்தன வருஷமா லைசென்ஸ் இருக்குங்கறதுக்கெல்லாம் கம்பெனிக்கு கம்பெனி ஒரு ரூல் இருக்கும், பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. இன்சூரன்ஸ் பேப்பர்ல கூரைக்கும் வெளிய இழுக்கற நிழல் துணிக்கும் கவர் இருக்கான்னு ஒரு தடவ பாருங்க, பல எடத்துல இருக்காது, புதுசா ஓட்டறவங்க ஒடைக்கறதும் அந்த ரெண்டையும்தான்.

வண்டி ஹைட்ட ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டீரிங் பக்கத்துல ஒட்டுங்க. எங்களுது 3.05 மீட்டர். நெறைய பீச் பார்க்கிங் வாசல்ல ரெண்டு மீட்டர்ல இரும்பு பாரே போட்டிருப்பாங்க, சூப்பர்மார்க்கெட் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கும் அதே கதைதான். ஹைவேல 120 வரைக்கும் போலாம்னு சட்டம் இருக்கு, ஆனா கடல் காத்து சைடுல அடிக்கும்போது 90லயே கை இறுகிப் போயிரும்.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, ராத்திரி எங்க வேணா நிறுத்தி தூங்கலாமா? ஸ்பெயின்ல ரெண்டு வார்த்தைய பிரிச்சு புரிஞ்சுக்கணும், அபார்கார்னா வண்டிய நிறுத்தறது, அகாம்பார்னா கேம்ப் போடறது. பார்க்கிங் அனுமதி உள்ள எடத்துல, கார் மாதிரி நாலு சக்கரமும் தரைல, வெளிய எதுவும் நீட்டாம, சொட்டு தண்ணி விடாம நிறுத்திட்டு உள்ள தூங்கினா அது பார்க்கிங். ரெண்டு நாற்காலிய வெளிய எடுத்து போட்டீங்க, இல்ல டயருக்கு அடியில கட்டை வச்சு லெவல் பண்ணீங்கன்னா அது கேம்ப், ஃபைன். இதுக்கு மேல அந்தந்த ஊர் நகராட்சியும் தனியா தடை போட்டிருக்கும். பீச் மணல்ல வண்டி ஏத்தறது கடலோர சட்டப்படியே கூடாது. காபோ தெ காத்தா இயற்கை பூங்காவுக்குள்ள கேம்ப்சைட் தவிர வேற எங்கயும் ராத்திரி தங்கவே கூடாது, போலீஸ் விடியகாலைல வந்து கதவ தட்டுவாங்க. ராத்திரி நிறுத்த எடம் காட்டற பார்க்4நைட் ஆப்ல ஃபோட்டோ போட்டிருக்கான்னு நம்பி போகாதீங்க, அது போன வருஷத்து கதையா இருக்கும், கடைசி ரெண்டு மாச கமென்ட்ட மட்டும் படிங்க. முதல் ட்ரிப்னா கேம்ப்சைட்டும், ஆரெயான்னு சொல்ற மோட்டார்ஹோம் பார்க்கிங்கும் மாத்தி மாத்தி போறதுதான் நிம்மதி.

கரண்ட் விஷயம் நாங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டது. கேம்ப்சைட் கம்பத்துல நீல கலர் பிளக், பல எடத்துல 6 ஆம்பியர்தான் குடுப்பாங்க, 230 வோல்ட்ல கணக்கு போட்டா 1,380 வாட்ஸ். ரெண்டாவது நாள் மதியம் நான் 1,000 வாட் கெட்டில்ல தண்ணி வச்சிருக்கேன், அத கவனிக்காம வீட்டம்மா சட்னிக்கு மிக்ஸிய போட்டாங்க, பட்டுனு எல்லாம் அணைஞ்சுருச்சு. கம்பத்து பெட்டிய பூட்டி வச்சிருக்காங்க, ரிசப்ஷன் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் மூடல். "ஏங்க, அரைச்சது பாதி, அரைக்காதது பாதி, இத என்ன பண்ண?"ன்னு கேக்கறாங்க, அப்படியே சாப்பிட்டோம். சமையலுக்கு கேஸ் அடுப்பையே வச்சுக்கோங்க, மிக்ஸி போடும்போது வேற எதுவும் ஓடக்கூடாது.

தண்ணி மூடி எது, டீசல் மூடி எதுன்னு வண்டிய வாங்கும்போதே விரல் வச்சு காட்ட சொல்லுங்க. டீசல் புகைய சுத்தம் பண்ண ஊத்தற ஆட்ப்ளூ திரவத்தோட மூடியும் நீலம், சில வண்டில தண்ணி மூடியும் நீலம், மாத்தி ஊத்தினா ட்ரிப்பே முடிஞ்சுது. டாய்லெட் கேசட், அதாவது கழிவு சேர்ற டப்பா, பத்தி எவனும் முழுசா சொல்ல மாட்டான், நான் சொல்றேன். பக்கவாட்டு கதவ தொறந்தா சூட்கேஸ் மாதிரி சக்கரம் வச்ச டப்பா வெளிய வரும், அத காலி பண்றதுக்குன்னே இருக்கற எடத்துக்கு உருட்டிட்டு போய், டப்பாவோட மூக்க வெளிய திருப்பி, ஊத்தும்போது கட்டை விரலால காத்து போற பட்டன அமுக்கியே வச்சுக்கணும். அமுக்காம ஊத்தினா குளுக் குளுக்னு கால் மேலயே தெறிக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பண்ணிருங்க, ரொம்பற வரைக்கும் விடாதீங்க. கேசட் கழுவற குழாய்லயே குடிக்கற தண்ணி புடிக்காதீங்க.

ரூட்டுக்கு வருவோம். மலகால வண்டிய வாங்கின அன்னைக்கு தூரமா போகாதீங்க, 50 கிலோமீட்டர் சொச்சத்துல நெர்ஹா, அங்கயே படுத்துருங்க. 1959ல அஞ்சு பசங்க கண்டுபுடிச்ச குகை இருக்கு, பாக்கலாம். மேல ஃப்ரிஹிலியானா கிராமத்துக்கு மோட்டார்ஹோம எடுத்துட்டு ஏறாதீங்க, பஸ்ல போங்க. அங்க இன்னும் கரும்புப் பாகு காய்ச்சற ஆலை இருக்கு, கத்திரிக்காய எண்ணெயில பொரிச்சு அது மேல அந்த பாகு ஊத்தி தருவாங்க, சைவக்காரங்களுக்கு இந்த ஊர்ல கெடைச்ச வரம்.

அடுத்து அல்முன்யேகார், சலோப்ரேன்யா. இங்க ஏ-7 ஹைவேய விட்டுட்டு பழைய என்-340 ரோட்ல போங்க, மெதுவாதான் போகும் ஆனா கடல் பக்கத்துலயே வரும். பின்னாடி மலை குளிர தடுக்கறதால மா, அவகாடோ எல்லாம் இங்க வெளையுது. சிரிமோயான்னு ஒண்ணு விப்பாங்க, வெட்டினா நம்ம சீத்தாப்பழத்தோட அண்ணன் மாதிரி இருக்கும், ஸ்பூன்ல அள்ளி சாப்பிடணும். ஞாயித்துக்கெழம பெரிய சூப்பர்மார்க்கெட் பல ஊர்ல மூடியிருக்கும், சனிக்கெழமையே பால், தண்ணி வாங்கி வச்சுக்கோங்க.

மோத்ரில் தாண்டி அல்மேரியா வரைக்கும் நிக்காம ஓட்டிருங்க, எல் எஹீதோ பக்கம் முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் போட்ட பசுமைக்குடில்தான், ஐரோப்பாவுக்கே தக்காளி, குடமொளகா அங்க இருந்துதான் போகுது, கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் திடீர்னு ஆளே இல்லாத வறண்ட மலை, உப்பளத்துல ஃபிளமிங்கோ, அதுதான் காபோ தெ காத்தா. சான் ஹோசே பக்கம் கேம்ப்சைட்ல மூணு ராத்திரி போடுங்க. ஹெனோவேசெஸ், மோன்சுல் பீச்சுக்கு மண் ரோடு, கோடைல வண்டிய கட்டுப்படுத்துவாங்க, பஸ் விடுவாங்க. நாங்க நடந்தே போனோம், ஒரு மணி நேரம், தொப்பியும் தண்ணியும் இல்லாம போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும் சீரியஸா எடுத்துக்கோங்க. இந்த கடலோரத்துல ரம்ப்ளான்னு காஞ்ச ஆத்துப்படுகை நெறைய, சமமா, காலியா, கடலுக்கு பக்கத்துல, மோட்டார்ஹோம் நிறுத்த அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும். அங்க தூங்காதீங்க. இலையுதிர் காலத்துல மலைல மழை கொட்டினா கீழ வானம் தெளிவா இருக்கும்போதே தண்ணி வந்துரும். 2024 அக்டோபர் 29 வலென்சியா பக்கம் அப்படி வந்த வெள்ளத்துல 200 பேருக்கு மேல போனாங்க. ஏமெட்னு வானிலை துறை ஆப் இருக்கு, மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ எச்சரிக்கை காட்டினா அன்னைக்கு மேடான கேம்ப்சைட்டுக்கு போயிருங்க.

திரும்பி வரும்போது கடைசி ராத்திரி மலகாவுக்கு அரை மணி தூரத்துல தங்குங்க, டீசல் ரொப்பி, வண்டிய சுத்தி வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. கேசட்ட காலி பண்ணாம வண்டிய குடுத்தா அதுக்கு தனியா காசு புடிப்பாங்க. அந்த கடைசி கேசட்ட உருட்டிட்டு போறது யாருன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசி முடிச்சுருங்க.