கயானாக் கடலோரத்தில் கட்டடம் கட்டுவது எப்படி: மண், நீர், சரக்கு

தென்னமெரிக்க நாடான கயானாவின் கடற்பரப்பில் 2015இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியதிலிருந்து தலைநகர் ஜார்ஜ்டவுனைச் சுற்றிக் கட்டட வேலை ஓயவில்லை. முதலீட்டாளர்கள் மனை விலையைத்தான் விசாரிக்கிறார்கள். பட்ஜெட்டைக் கவிழ்ப்பதோ பெரும்பாலும் காலுக்குக் கீழே இருக்கும் சேறு.

முதலில் பத்திரம். ரோமன்-டச்சுச் சட்டவழி வந்த ‘டிரான்ஸ்போர்ட்’ அங்கே ஒரு வகை உரிமை. நிலப் பதிவேட்டுச் சான்றிதழ் இன்னொரு வகை. டிரான்ஸ்போர்ட் கைமாறுவதற்கு முன் அரசிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபிக்க அவகாசம் உண்டு. அது முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மண். கடலோரச் சமவெளி பெரும்பாலும் மென்களிமண். சில இடங்களில் அதன்மேல் ‘பெகாஸ்’ என்ற மட்கிய கரிமண்ணும் கிடக்கும். அதை வழித்து எடுத்தே ஆக வேண்டும். புதிய மனைப்பிரிவுகள் பல, பழைய கரும்பு வயல்கள்மேல் வந்தவை. கரும்புப் பாத்திகளுக்கு இடையே ஓடிய வாய்க்கால்களைத் தூர்த்து மனை போட்டிருப்பார்கள். வீட்டின் ஒரு பாதி பாத்திமேலும் மறுபாதி தூர்ந்த வாய்க்கால்மேலும் அமைந்தால், ஒரு பக்கம் மட்டும் இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பழைய தோட்ட வரைபடத்தையோ பழைய செயற்கைக்கோள் படத்தையோ பார்த்தால் வாய்க்கால் கோடுகள் தெரியும். துளையிட்டு மண் பரிசோதிக்கும்போது ஒரு துளையாவது அந்தக் கோட்டின்மேல் விழட்டும். சாதாரண வீட்டுக்கும் 2 துளைகளுக்குக் குறையக் கூடாது.

தரையை உயர்த்த எல்லாரும் மணல் கொட்டுகிறார்கள். 1 மீட்டர் உயர மணல் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1.7 டன் ஏற்றுகிறது. ஒரு தள வீட்டின் சராசரிச் சுமையைவிட இது அதிகம்! இந்தச் சுமையில் களிமண்ணிலிருந்து நீர் பிதுங்கி வெளியேறித் தரை இறங்கி முடிய மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் ஆகும். அதனால் 20–25 செ.மீ. அடுக்குகளாக இறுக்கி நிரப்பி, குறைந்தது ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டு உடனே பைல் (வீட்டைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) அடித்தால், இறங்கும் மண் பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். பொறியாளர் அந்த இழுவையைச் சுமைக் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள். பைல்மேல் வீடு நிற்கும், சுற்றியுள்ள தரை இறங்கும். சுவரைத் தாண்டும் இடத்தில் கழிவுநீர்க் குழாய் முறியும். அங்கே வளையக்கூடிய இணைப்பு போடுங்கள்.

உள்ளூர் கிரீன்ஹார்ட் மரம் பைலுக்கு அருமையானது. ஆனால் மரப் பைலின் மேல்முனை, நிரந்தர நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நனைவதும் காய்வதுமாக மாறிமாறி இருந்தால் எந்த மரமும் உளுத்துவிடும். பைல் அடிக்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு வரும் சண்டையில் அதுதான் கை கொடுக்கும்.

கடல் ஏறும்போது நகரத் தரை கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். ‘கோக்கர்’ எனப்படும் மதகுகளைக் கடல் வற்றும்போதுதான் திறக்க முடியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெருமழை பிடித்தால் தண்ணீர் போக வழியில்லை. 2005 ஜனவரி வெள்ளம் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, தளமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். மின் மீட்டரும் பம்பும் அதே மட்டத்துக்கு மேல்தான். தோண்டும் வேலையை பிப்ரவரி–ஏப்ரலில் அல்லது செப்டம்பர்–அக்டோபரில் வைத்துக்கொள்வது நல்லது.

கான்கிரீட்டில் கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும். உப்புக்காற்று படும் இடத்தில் கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), மண்ணோடு ஒட்டி வார்க்கும் அடித்தளத்தில் 75 மி.மீ. நீர்–சிமெண்ட் விகிதம் 0.45ஐத் தாண்ட வேண்டாம்.

கம்பியும் பெரும்பாலான பொருத்துசாமான்களும் கப்பலில்தான் வர வேண்டும். ஜல்லி, உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து ஆற்றில் பார்ஜ் எனும் தட்டைச் சரக்குப் படகில் ஏறி வருகிறது. சாலை, பாலம், ஹோட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது சிறு கட்டுநருக்குச் சரக்கும் கிடைக்காது, மேஸ்திரியும் கிடைக்கமாட்டார். சிமெண்ட், கம்பி, ஜல்லி மூன்றுக்கும் விலையேற்றம் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதுங்கள். 10–15 சதவீதம் அவசர நிதி ஒதுக்கி, கம்பி வந்து இறங்கிய பிறகே பைல் எந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.